நுண்பைகளின் இணைவை மாதிரியாக்கல்: ஹெல்ஃப்ரிக் ஆற்றல் எதுவரை துணை வரும்?

முக்கோணவலை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். லிப்பிட் இரட்டையடுக்கை (செல்சவ்வுக்கு அடிப்படையான, கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்குகளாக நிற்கும் மென்படலத்தை) ஒரு முக்கோண வலையாகக் கொண்டு, அதன் வளைவாற்றலைக் குறைந்தபட்ச அளவுக்குக் கொண்டுவரும் நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். ஹெல்ஃப்ரிக் 1973-இல் முன்வைத்த ஆற்றல் கோவையே இதற்கு அடிப்படை. பரப்பளவையும் கன அளவையும் மாறாமல் நிறுத்தி வைக்கிறேன். தனி நுண்பை (அந்தப் படலத்தால் மூடிய சிறு பை) ஒன்றை எடுத்துக்கொண்டால் எல்லாம் ஒழுங்காகவே வருகிறது. அதே பரப்பளவுள்ள கோளம் கொள்ளக்கூடிய கன அளவில் எத்தனை பங்கு உள்ளே இருக்கிறது என்ற விகிதத்தை 0.8 என வைத்தால் நீள்வடிவம் கிடைக்கிறது, 0.62 என வைத்தால் இரத்தச் சிவப்பணுவைப் போல இருபுறமும் குழிந்த தட்டு கிடைக்கிறது, 0.5-க்கு இறக்கினால் ஒருபுறம் உள்வாங்கிய கிண்ணமாகிறது. 1991-இல் வெளியான வடிவ வரைபடத்தோடு இவை பொருந்துகின்றன.

இப்போது இரண்டு கோள நுண்பைகள் ஒன்றாக இணைவதைக் காட்ட விரும்புகிறேன். வலைகள் நெருங்கியதும் சில முக்கோணங்களை வெட்டி எடுத்து, இரு விளிம்புகளையும் ஒரு கழுத்தால் தைத்துவிடுகிறேன். எங்கே வெட்டுகிறேன், எத்தனை முக்கோணங்களை எடுக்கிறேன் என்பதைப் பொறுத்து ஆற்றல் வரைகோடு மாறிக்கொண்டே இருக்கிறது. அதைவிடப் பெரிய ஐயம் ஒன்று உண்டு. ஒரு கோளத்தின் வளைவாற்றல் அதன் ஆரத்தைச் சாராமல் 8 பை கப்பா ஆகும். கப்பா என்னும் வளைவு விறைப்பெண் சுமார் 20 கேடி எனக் கொண்டால் (கேடி என்பது போல்ட்ஸ்மன் மாறிலிக்கும் வெப்பநிலைக்கும் உள்ள பெருக்கல்), ஒரு கோளத்துக்கு ஏறத்தாழ 500 கேடி வருகிறது. இரண்டு கோளங்கள் ஒன்றானால் அந்த 500 கேடி மிச்சமாக வேண்டும். இவ்வளவு ஆதாயம் இருந்தும் கரைசலில் நுண்பைகள் நாள்கணக்கில் இணையாமல் இருப்பது ஏன்? என் மாதிரியில் விடுபட்டது எது?

தண்டும் துளையும்

தங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியே எடுத்துக்கொள்வது நல்லது.

முதலாவது, காஸ் வளைவு. ஹெல்ஃப்ரிக் கோவையில் சராசரி வளைவின் வர்க்கத்தோடு காஸ் வளைவுக்கும் (ஒரு புள்ளியில் உள்ள இரு முதன்மை வளைவுகளின் பெருக்கலுக்கும்) ஓர் உறுப்பு உண்டு. மூடிய பரப்பொன்றின் மீது காஸ் வளைவைத் தொகையிட்டால் வரும் மதிப்பு, அந்தப் பரப்பின் இடவியலை (எத்தனை துண்டு, எத்தனை துளை என்பது போன்ற, நீட்டி வளைத்தாலும் மாறாத அமைப்பை) மட்டுமே சார்ந்தது என்பது காஸ்–பானே தேற்றம். நுண்பை தட்டானாலும் கிண்ணமானாலும் அந்த மதிப்பு மாறுவதில்லை. ஆகவே தனி நுண்பையின் வடிவத்தைத் தேடும் நிரல்கள் அந்த உறுப்பைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுகின்றன; தாங்களும் விட்டிருப்பீர்கள் என நினைக்கிறேன். இணைவில் இடவியலே மாறுவதால், இங்கே அதை விட முடியாது. காஸ் விறைப்பெண் எதிர்க்குறி கொண்டது. அதன் அளவு கப்பாவுக்கு 0.8 முதல் 1 மடங்கு வரை இருக்கும் என்பதே பெரும்பாலான மதிப்பீடுகளின் முடிவு. 0.9 எனக் கொள்வோம். ஒவ்வொரு மூடிய கோளமும் ஏறத்தாழ 226 கேடி அளவுக்கு ஆற்றலைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு ஒன்றாகும்போது அதில் ஒரு பங்கை இழக்கிறோம். தங்களுடைய 500 கேடி ஆதாயத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி இங்கேயே போய்விடுகிறது.

இரண்டாவது, இணைந்த நுண்பை உடனே கோளமாகிவிடாது. கன அளவையும் பரப்பளவையும் காத்துக்கொண்டு இரு சம கோளங்களைச் சேர்த்தால், பரப்பு இரட்டிப்பாகிறது, கன அளவும் இரட்டிப்பாகிறது. ஆனால் இரட்டிப்புப் பரப்புள்ள கோளத்துக்கு அதைவிட அதிகமான நீர் தேவை. தாங்கள் கூறிய விகிதம் 2-இன் வர்க்கமூலத்தின் தலைகீழாக, அதாவது 0.707 ஆக நிற்கும். உப்புச் செறிவு சமனாக உள்ளவரை நீர் உள்ளே வராது. எனவே முடிவில் கிடைப்பது ஒரு நீள்வடிவம். அதன் வளைவாற்றல் 8 பை கப்பாவுக்கு மேலும் 16 பை கப்பாவுக்குக் கீழும் எங்கோ அமையும். ஆதாயம் மேலும் சுருங்குகிறது.

மூன்றாவதே முதன்மையானது. மேற்சொன்ன கணக்கு அனைத்தும் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. நுண்பைகள் நாள்கணக்கில் இணையாமல் இருப்பதற்குக் காரணம் இடையில் நிற்கும் ஆற்றல் தடை. தங்கள் மாதிரியில் அந்தத் தடையைத் தாங்களே கத்தரிக்கோலால் வெட்டித் தள்ளிவிடுகிறீர்கள். ஒரு கணக்குக்காக, தடை 40 கேடி என்றும், மூலக்கூறுகள் நொடிக்கு நூறு கோடி முறை அதை முயன்று பார்க்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். சராசரிக் காத்திருப்பு ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதே தடை 20 கேடியாகக் குறைந்தால் அரை நொடி போதும். அடிமட்டத்தில் இருநூறு முந்நூறு கேடி ஆதாயம் காத்திருந்தாலும், வேகத்தைத் தீர்மானிப்பது இந்த இருபதுதான்.

அந்தத் தடை எங்கே இருக்கிறது என்பதற்கு இன்று பரவலாக ஏற்கப்பட்ட பாதை இது. இரு சவ்வுகளும் 2 அல்லது 3 நானோமீட்டருக்குள் நெருங்கும்போது, லிப்பிட்களின் நீர்விரும்பும் தலைப்பகுதிகளோடு ஒட்டியிருக்கும் நீரை வெளியேற்ற வேண்டியிருப்பதால் கடுமையான விலக்கம் எழுகிறது. அதைக் கடந்த பின், எதிரெதிரே உள்ள இரு வெளியடுக்குகள் மட்டும் ஒரு சிறு இடத்தில் கலந்து மணற்கடிகார வடிவில் ஒரு தண்டை உண்டாக்குகின்றன. தண்டு விரிந்து, உள்ளடுக்குகள் ஒன்றையொன்று தொடும் அரை இணைவு நிலை பிறக்கிறது. இறுதியில் அந்தத் தடுப்பில் துளை விழுந்து, உள்ளிருக்கும் நீர்மங்கள் கலக்கின்றன. கோஸ்லோவும் மார்க்கினும் 1983-இல் தண்டுக் கருதுகோளைக் கணக்கிட்டு எழுதினார்கள். அதன் எலும்புக்கூடு இன்றும் மாறவில்லை.

வளைபரப்பு

மேலே உள்ள பதிவின் முடிவோடு உடன்படுகிறேன். ஆனால் 226 கேடி என்ற எண்ணை அவ்வளவு நம்பிக்கையோடு எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

காஸ்–பானே தேற்றம் வழவழப்பான பரப்புக்கு உரியது. இரட்டையடுக்கின் தடிமன் 4 முதல் 5 நானோமீட்டர். தண்டின் வளைவு ஆரமோ 2 அல்லது 3 நானோமீட்டர். வளைவு ஆரம் தடிமனைவிட மிகப் பெரியது என்ற அனுமானத்தில்தான் ஹெல்ஃப்ரிக் கோவை இரண்டாம் படியோடு நிறுத்தப்பட்டது. தண்டு தோன்றும் இடத்தில் அந்த அனுமானமே உடைகிறது. அதுமட்டுமன்றி, இரட்டையடுக்கின் காஸ் விறைப்பெண் அதன் ஒற்றையடுக்குகளின் பண்புகளிலிருந்து வருவது. ஒற்றையடுக்குக்கு எதிர்க்குறி இயல்பு வளைவு இருந்தால், அதாவது சிறிய தலையும் பருத்த வாலும் கொண்ட லிப்பிட்கள் மிகுந்திருந்தால், இரட்டையடுக்கின் காஸ் விறைப்பெண் சுழியை நோக்கி நகரும். லிப்பிட் கலவையை மாற்றினாலே 226 என்பது மிகவும் சிறிய எண்ணாகிவிடக்கூடும். அதை ஒரு மாறிலியாக நிரலில் எழுதி வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது.

இந்தத் துறையின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. தண்டின் வடிவத்தை ஒரு வட்ட வளையத்தின் உட்பகுதி எனக் கொண்டு, வளைவை மட்டும் கணக்கிலெடுத்தபோது, தடை வெப்ப அசைவுகளால் தாண்டவே முடியாத அளவுக்கு உயர்ந்தது. இதற்கு ‘ஆற்றல் நெருக்கடி’ என்றே பெயர் வைத்தார்கள். லிப்பிட் வால்கள் பரப்புக்குச் செங்குத்தாக மட்டும் நிற்க வேண்டியதில்லை, சற்றுச் சாயலாம் என்ற சுதந்திரத்தை 2002-இல் கோஸ்லோவ்ஸ்கியும் கோஸ்லோவும் சேர்த்த பிறகுதான் மதிப்பு சில பத்து கேடி அளவுக்கு இறங்கியது. அதே ஆண்டில் மார்க்கினும் அல்பனேசியும் வடிவத்தைத் தாராளமாக மாற விட்டு, வேறு வழியில் நெருக்கடியைத் தணித்தனர். ஆக, தடையின் அளவு நாம் எந்தச் சுதந்திரத்தை அனுமதித்தோம் என்பதைச் சார்ந்து இவ்வளவு மாறியிருக்கிறது.

ஆய்வுமேசை

கணக்கிடுபவர்கள் இருவரும் எண்களைப் பற்றி வாதிடுகிறீர்கள்; பரிசோதனை செய்பவன் என்ற முறையில் நான் குறியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஏனெனில் எண்ணைவிடக் குறிதான் ஒரு மாதிரியை எளிதில் வீழ்த்தும்.

பெரிய தலையும் ஒற்றை வாலும் கொண்ட லைசோ வகை லிப்பிட்களை, ஒன்றையொன்று நோக்கி நிற்கும் வெளியடுக்குகளில் சேர்த்தால் அரை இணைவு தடைப்படுகிறது. நேர்மாறான வடிவம் கொண்ட ஒலிக் அமிலத்தைச் சேர்த்தால் அது எளிதாகிறது. ஆனால் உள்ளடுக்குகளில் சேர்க்கும்போது விளைவு தலைகீழாகிறது: அங்கே லைசோ லிப்பிட்கள் துளை திறப்பதற்கு உதவுகின்றன. தண்டில் வெளியடுக்கு ஒரு திசையிலும், துளையின் விளிம்பில் உள்ளடுக்கு எதிர்த்திசையிலும் வளைய வேண்டியிருப்பதை நினைத்தால் இந்தக் குறிகள் அப்படியே விளங்கும். வெறும் துளையடித்து ஒட்டுவதுதான் இணைவு என்று கருதும் எந்த மாதிரியும் இந்த நான்கு முடிவுகளையும் ஒருசேர விளக்காது.

இன்ஃப்ளுயன்சா வைரசின் ஹீமக்ளூட்டினின் புரதம் இன்னொரு சான்று. அது அமிலத்தன்மை பிஹெச் 5-ஐ ஒட்டி வரும்போது வடிவம் மாறிச் சவ்வுகளை இழுத்துச் சேர்க்கிறது. சவ்வை ஊடுருவும் அதன் பகுதியை நீக்கிவிட்டு, வெளியடுக்கில் மட்டும் பதியும் லிப்பிட் நங்கூரம் ஒன்றைப் பொருத்திப் பார்த்தபோது, சவ்வில் இட்ட சாயம் கலந்தது; உள்ளே இட்ட சாயம் கலக்கவில்லை. அரை இணைவோடு பாதை நின்றுவிட்டது. தண்டு வடிவத்தையே நேரில் கண்டதற்கும் சான்று உண்டு: நீர் குறைந்த லிப்பிட் அடுக்குகளில் தண்டுகள் ஒழுங்கான அணியாக அமைந்திருப்பதை 2002-இல் எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் மூலம் யாங்கும் ஹுவாங்கும் காட்டினர்.

முக்கோணவலை அவர்களின் நிரலில் லிப்பிட்டின் வடிவத்துக்கு இடமே இல்லை. இயல்பு வளைவு என்ற ஓர் எண் இருந்தாலும் அது இரு அடுக்குகளுக்கும் பொதுவானது. இந்த நான்கு பரிசோதனைகளில் ஒன்றைக்கூட அதனிடம் கேட்க முடியாது.

மணிமாலை

அப்படியானால் மூலக்கூறுகளை வைத்தே கணக்கிடுவோம் என்ற முடிவுக்கு எல்லோரும் வருவார்கள். நான் அந்த வேலையில் இருப்பவன் என்பதால் முன்கூட்டியே சில எச்சரிக்கைகளைச் சொல்லி வைக்கிறேன்.

மார்ட்டினி போன்ற மாதிரிகள் ஹைட்ரஜன் நீங்கலாக ஏறத்தாழ நான்கு அணுக்களை ஒரு மணியாகத் தொகுக்கின்றன. 2003-இல் மாரிங்கும் மார்க்கும் இவ்வகை மாதிரி ஒன்றைக் கொண்டு சிறு நுண்பைகள் இணைவதைத் திரையில் காட்டியபோது, தண்டும் அரை இணைவும் யாரும் வரைந்து கொடுக்காமலேயே தாமாகத் தோன்றின. அதற்குமுன் வெட்டித் தைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய ஊக்கம். ஆனால் அந்த நுண்பைகள் 15 நானோமீட்டர் அளவிலானவை. அவ்வளவு சிறிய நுண்பை ஏற்கெனவே கடுமையாக வளைந்து கிடப்பதால் எளிதில் இணையும். நரம்பு முனையில் உள்ள 45 நானோமீட்டர் சினாப்டிக் நுண்பைக்கு அந்த வேகத்தை அப்படியே பொருத்த முடியாது.

நீரே இல்லாத மூன்று மணி மாதிரிகளும் உள்ளன. பெரிய பரப்புகளின் அலைவுக்கும் வடிவ மாற்றத்துக்கும் அவை மிகவும் பயனுள்ளவை. ஆயினும் நீரை வெளியேற்றும் செலவே இணைவின் முதல் தடை என்று மேலே பார்த்தோம். நீர் இல்லாத மாதிரியிடம் அந்தச் செலவைக் கேட்பதில் பொருள் இல்லை. ஒவ்வொரு மாதிரியும் தான் எதைத் தூக்கி எறிந்ததோ அதைப் பற்றி மட்டும் ஊமையாக இருக்கும். மற்றவற்றைப் பற்றி உரக்கப் பேசும். அந்த உரத்த குரலைக் கேட்டு ஏமாறுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

இணைவு ஒருமுறை நிகழ்ந்ததைப் படம்பிடித்துவிட்டு, அதிலிருந்து தடையின் உயரத்தைப் படிக்கக் கூடாது. இயல்பாக நிகழக் காத்திருந்தால் கணினி நேரம் போதாது. இழுத்து நிகழ்த்தினால், முன்னோக்கிய பாதையும் பின்னோக்கிய பாதையும் ஒத்துப்போவதில்லை. சவ்வுகளுக்கு இடையேயான தூரத்தை மட்டும் கட்டுப்படுத்தி இழுத்தால், தண்டு தோன்றும் கணத்தில் அமைப்பு திடீரெனத் தாவும். அந்தத் தாவலில் தடை மறைந்துவிடும். இரு சவ்வுகளுக்கும் நடுவே உள்ள நீர்ப்பகுதியில் லிப்பிட் வால்கள் எவ்வளவு தொடர்ச்சியாகப் பாலம் அமைத்துள்ளன என்பதை அளவுகோலாகக் கொள்வது மேல். சிறிய தட்டைச் சவ்வுத் துண்டுகளில் அதைச் செய்து, முன்னும் பின்னும் நடத்திப் பார்த்து, இரண்டும் ஒன்றுபட்டால் மட்டும் எண்ணை வெளியே சொல்ல வேண்டும்.

தண்டும் துளையும் அவர்கள் சொன்ன பாதை ஒன்றே பாதை என்றும் கொள்ள வேண்டாம். முல்லர், கட்சோவ், ஷிக் ஆகியோரின் கணக்குகளில், தண்டு வட்டமாக விரியாமல் ஒருபக்கமாக நீள்கிறது. அதன் அருகே சவ்வில் ஒரு ஓட்டை விழுகிறது. நீண்ட தண்டு அந்த ஓட்டையைச் சுற்றி வளைத்து மூடிக்கொள்கிறது. இப்பாதையில் உள்ளிருப்பது சிறிது வெளியே கசிய வேண்டும். கசிவு காணப்படும் பரிசோதனைகளும் இருக்கின்றன.

முக்கோணவலை

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. நரம்பு முனையில் இணைவு ஒரு மில்லிநொடிக்குள் நடந்துவிடுகிறதே, அதில் ஸ்னேர் புரதங்களின் பங்கை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? மேலும், ஃபேஸ் ஃபீல்டு முறையில் பரப்பை வெட்டித் தைக்க வேண்டியதே இல்லை, இடவியல் தானாகவே மாறிவிடும் என்று படித்தேன். அது என் சிக்கலைத் தீர்க்காதா?

தண்டும் துளையும்

ஸ்னேர் பற்றி: நுண்பையிலிருந்து சினாப்டோபிரெவினும், எதிர்ச்சவ்விலிருந்து சின்டாக்சினும் ஸ்னாப்-25-உம் சேர்ந்து நான்கு சுருள்கள் கொண்ட கட்டாக முறுக்கிக்கொள்கின்றன. வெளிமுனையில் தொடங்கிச் சவ்வை நோக்கி முறுக்கேறுவதால் இரு சவ்வுகளும் இழுபடுகின்றன. ஒரு கட்டு உருவாகும்போது வெளிப்படும் ஆற்றலுக்கு, அளந்த முறையைப் பொறுத்து, சுமார் 35 முதல் 65 கேடி வரை மதிப்புகள் வெளியாகியுள்ளன. சில பத்து கேடி தடையோடு ஒப்பிட்டால், விரல்விட்டு எண்ணக்கூடிய சில கட்டுகளே போதும் என்பது விளங்கும். ஆனால் வெளிப்படும் ஆற்றல் முழுவதும் சவ்வுக்குப் போய்ச் சேர்வதில்லை. புரதத்தின் சுருளுக்கும் சவ்வில் பதிந்த பகுதிக்கும் இடையே உள்ள இணைப்பு எவ்வளவு விறைப்பானது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. கட்டுகள் இணைவிடத்தைச் சுற்றி வளையமாக நின்று, நெரிசலால் ஒன்றையொன்று வெளியே தள்ளுவதன் மூலமும் சவ்வுகளை நெருக்கக்கூடும் என்ற கருத்தும் உண்டு. தொடர்ப் பரப்பு மாதிரியில் இவற்றைப் புள்ளி விசைகளாகவோ விளிம்பு நிபந்தனைகளாகவோ வைக்கலாம்; அவை தடையைத் தாண்டும் வேகத்தை மாற்றும், தாண்டிய பின் கிடைக்கும் இறுதி வடிவத்தை அவ்வளவாக மாற்றா.

வளைபரப்பு

> ஃபேஸ் ஃபீல்டு முறையில் இடவியல் தானாகவே மாறிவிடும்

தானாக மாறுகிறது என்பதே என் அச்சம். அம்முறையில் சவ்வு ஒரு கூர்மையான பரப்பாக இல்லாமல், குறிப்பிட்ட அகலமுள்ள மங்கலான பட்டையாக இருக்கிறது. இரு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது அவை இணைந்துவிடும். அந்தப் பட்டையின் அகலம் வலையின் நுணுக்கத்துக்கு ஏற்ப நாம் தேர்ந்தெடுத்த எண். லிப்பிட்டுக்கும் அதற்கும் உறவில்லை. ஆகவே அங்கே கிடைக்கும் ‘தடை’ கணினியின் தடை. இரு அடுக்குகள் தனித்தனியே இருப்பதும் அம்முறைக்குத் தெரியாது. எனவே அரை இணைவு என்ற நிலையே அதில் தோன்றாது.

மணிமாலை

அவ்வளவு கடுமையாக ஒதுக்கிவிட வேண்டாம். துளை திறந்த பின் கழுத்து எப்படி விரிகிறது, நீர்ம ஓட்டம் அதை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்ற கேள்விகளுக்கு ஃபேஸ் ஃபீல்டு பொருத்தமான முறையே. தடையின் உயரத்தை மட்டும் அதனிடம் கேட்கக் கூடாது.

முக்கோணவலை

அப்படியானால் வேலையைப் பிரித்துக்கொள்கிறேன். தண்டும் துளையும் தோன்றும் வேகத்தை மணி மாதிரியின் கணக்கிலிருந்து வெளியிலிருந்து வரும் ஓர் எண்ணாக எடுத்துக்கொண்டு, என் முக்கோண வலையைத் துளை திறந்த பிறகே தொடங்குகிறேன். கழுத்தின் தொடக்க ஆரம் 10 நானோமீட்டர், விகிதம் 0.707. இதில் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

தண்டும் துளையும்

பிரிவினை சரியானதே. துளை திறந்துவிட்டால் இடவியல் மேற்கொண்டு மாறப்போவதில்லை. எனவே காஸ் உறுப்பைப் பற்றிய விவாதமும் தங்கள் நிரலைப் பொறுத்தவரை முடிந்துவிடுகிறது. இரு கோளங்களை இணைக்கும் மிக மெல்லிய கழுத்து, சராசரி வளைவு சுழியாக இருக்கும் வடிவை எடுக்க முடியும் என்பதால், தொடக்க ஆற்றல் ஏறத்தாழ 16 பை கப்பாவாகவே இருக்க வேண்டும். நிரலைச் சோதிக்க இது நல்ல அளவுகோல்.

ஒன்றைச் சேர்த்தாக வேண்டும்: இரு அடுக்குகளின் பரப்பு வேறுபாடு. இணைவில் வெளியடுக்கு வெளியடுக்கோடும், உள்ளடுக்கு உள்ளடுக்கோடும் சேர்கின்றன. பாஸ்போலிப்பிட்கள் ஓர் அடுக்கிலிருந்து மற்றோர் அடுக்குக்குத் தாவுவதற்குப் பொதுவாக மணிக்கணக்கில் ஆகும். ஆர் ஆரமுள்ள ஒரு கோளத்தில், வெளியடுக்குக்கும் உள்ளடுக்குக்கும் உள்ள பரப்பு வேறுபாடு 8 பை மடங்கு ஆரம் மடங்கு அடுக்கிடைத் தூரம். இரு கோளங்களுக்கு அது 16 பை மடங்கு. ஆனால் இரட்டிப்புப் பரப்புள்ள ஒற்றைக் கோளத்துக்குத் தேவைப்படுவது 11.3 பை மடங்கு மட்டுமே. ஆரம் 50 நானோமீட்டர், அடுக்கிடைத் தூரம் 3 நானோமீட்டர் என்றால், சுமார் 2200 சதுர நானோமீட்டர் வெளியடுக்கில் மிகையாக நிற்கிறது. ஏறத்தாழ 3000 லிப்பிட்கள் நிற்கும் இடம் அது. அந்த மிகை, கழுத்து விரிவதை எதிர்க்கும். நீர் உள்ளே வர இடம் கொடுத்தாலும் எதிர்க்கும்.

ஆய்வுமேசை

கொலஸ்ட்ரால் மட்டும் அடுக்குகளுக்கிடையே விரைவாகத் தாவும். ஆகவே கொலஸ்ட்ரால் மிகுந்த சவ்வில் மேற்சொன்ன எதிர்ப்பு விரைவிலேயே தளர்ந்துவிடும். தங்கள் நிரலில் பரப்பு வேறுபாட்டை மாறிலியாக வைக்காமல், ஒரு தளர்வு நேரத்தோடு மாற விட்டால், இரு வகைச் சவ்வுகளையும் ஒரே நிரலால் ஒப்பிட முடியும்.

வளைபரப்பு

தொடக்கக் கழுத்தின் ஆரத்தை 10-இல் மட்டும் நிறுத்தாமல் 8, 12, 15 என்றும் வைத்துப் பாருங்கள். ஆற்றல் வரைகோடுகள் ஒரே கோட்டில் வந்து சேர வேண்டும். வலையின் நுணுக்கத்தை இரட்டிப்பாக்கினாலும் அவை அசையக் கூடாது. 8-இல் மட்டும் விலகினால் அங்கே ஹெல்ஃப்ரிக் கோவையின் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள் எனக் கொண்டு, தொடக்கத்தை அதற்கு மேலே தள்ளி வையுங்கள்.